பழைய லைனில் யாருமில்லை

பொறாமையைப் பற்றி உங்களுக்கு ஏதாவது சந்தேகம் இருந்தால் என்னிடம் கேளுங்கள். அந்தத் துறையில் எனக்கு நல்ல அனுபவம் உண்டு. எங்கள் துப்பறியும் அலுவலகத்தின் வாசலில் தொங்கும் பலகையில் இருப்பது என் மைத்துனனின் பெயர் மட்டும்தான். என் மனைவிக்குத் தம்பி, என்னைவிட வயதில் இளையவன், எனக்கு முதலாளி. வெயிலிலும் மழையிலும் அலைவது நான். "என் தம்பி கண்டுபிடிச்சுட்டான்" என்று என் மனைவி பக்கத்து வீட்டில் போய்ப் பெருமையடிப்பது அவனைப் பற்றி. இதையெல்லாம் வயிறு எரியாமல் கேட்டுக்கொண்டிருக்க நான் என்ன மரக்கட்டையா?

அன்று காலை எங்களைக் கூப்பிட்டிருந்தது கல்யாண உடை தைக்கும் கடை ஒன்று. கீழே கடை, மாடியில் வீடு. உள்ளே நுழைந்ததும் நீளமான வெட்டுமேசை, அதன் மேல் சாக்குக்கட்டியும் அளவு நாடாவும். மூலையில் இருந்த பொம்மையின் மேல் வெள்ளை சாட்டின் உடை ஒன்று. உடை என்று மரியாதைக்குச் சொல்கிறேன். கழுத்திலிருந்து கால்வரை யாரோ கத்தரியால் வெட்டி, நாடா நாடாவாகத் தொங்கவிட்டிருந்தார்கள்.

கடையின் டிசைனர் எங்கள் எதிரில் நின்றாள். இளம்பெண். அழுது முடித்த கண்கள். இப்போது அவற்றில் கோபம் மட்டும்தான் மிச்சம்.

"நேத்து சாயங்காலம் நான் கல்யாணப் பொண்ணு வீட்டுக்குப் போயிருந்தேன். தலையில போடுற வலைக்கு அளவு பாக்கணும். திரும்பி வந்து விளக்கைப் போட்டா இப்படி நிக்குது."

"பூட்டு உடைஞ்சிருந்துச்சா?" என்றான் மைத்துனன்.

"இல்ல சார். சாவி மூணு பேர்கிட்ட இருக்கு. என்கிட்ட ஒண்ணு, என் வீட்டுக்காரர்கிட்ட ஒண்ணு, மாடியில இருக்கிற அக்காகிட்ட ஒண்ணு."

அக்கா என்று அவள் சொன்னது உடன்பிறந்தவளை இல்லை. ஓரகத்தியை. கணவருடைய அண்ணனின் மனைவி. அந்த அண்ணன் இறந்து சில வருடங்கள் ஆகின்றன. அந்த அம்மாள் கடையின் முன்மேசையில் உட்கார்ந்து வாடிக்கையாளர்களைக் கவனித்துக்கொண்டு, இவர்களோடேயே இருக்கிறார்.

"உங்க வீட்டுக்காரர் அப்போ எங்கே இருந்தார்?"

"ஸ்டேடியத்துல. வருஷா வருஷம் அந்தக் கால்பந்துப் போட்டிக்குப் போவார். நான் ஊசிப்பெட்டியை மறந்துட்டுப் போயிட்டேன், எடுத்துட்டு வரச் சொல்லலாம்னு திரும்பத் திரும்பப் போன் பண்ணினேன். லைனே போகல. அவரும் அங்கேருந்து எனக்கு ட்ரை பண்ணியிருக்கார், கிடைக்கலையாம். அந்த ஸ்டேடியம் நிறைஞ்சா எப்பவுமே அப்படித்தான். போன வருஷமும் இதே கதைதான்."

"மூணுல ஒண்ணு உங்ககிட்ட, இன்னொண்ணு ஸ்டேடியத்துல. மிச்சம் மாடி," என்றேன் நான். "கணக்கு முடிஞ்சுபோச்சு. இதுக்குத் துப்பறியணுமா, கூட்டல் கழித்தல் தெரிஞ்சா போதாதா?"

மைத்துனன் என்னைப் பார்க்கவில்லை. பொம்மையைச் சுற்றி வந்து, தொங்கிய துணி நாடா ஒன்றை விரலால் தூக்கிப் பார்த்தான். "எவ்வளவு நேரா வெட்டியிருக்காங்க," என்றான் தனக்குத்தானே.

டிசைனர் குரலைத் தாழ்த்தினாள். "எனக்குச் சிறந்த டிசைனர் விருது கொடுத்ததிலேருந்து அக்கா முகம் சரியில்ல சார். நான் பேசினா எழுந்து போயிடுறாங்க. இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள வீட்டை விட்டுப் போகச் சொல்லிட்டேன். அவங்களுக்குப் போறதுக்கு வேற இடம் இல்ல. அது எனக்குத் தெரியும். அதனாலதான் உங்களைக் கூப்பிட்டேன். தப்பு பண்ணாதவங்களைத் தெருவுல நிறுத்தின பாவம் எனக்கு வேண்டாம். அவங்கதான்னு நீங்க சொல்லிட்டா, நான் நிம்மதியா அனுப்பிடுவேன்."

அப்போது கணவர் தேநீர்க் கோப்பைகளோடு உள்ளே வந்தார். சாதுவான மனிதர். தட்டை வைக்கும்போதுகூடச் சத்தம் வரவில்லை. அவர் சட்டைப் பையில் போன் அடித்தது. எடுத்துப் பேசினார். ரப்பர் பேண்டு போட்ட பழைய பொத்தான் போன். அச்சு அசலாக என்னுடையதைப் போலவே இருந்தது. எனக்கு அவரை உடனே பிடித்துப்போனது.

"விருதுப் பணத்துல இவருக்கு முதல்ல வாங்கினது புதுப் போன்தான்," என்றாள் டிசைனர். "பெட்டியைக்கூடப் பிரிக்கல. பழசே பழகிப்போச்சாம்."

"பொத்தான் இருந்தாத்தான் விரல் நிக்கும்மா," என்று நான் அவருக்காக வாதாடினேன். "கண்ணாடி மேல தடவுறதுக்கு நாம என்ன மேசை துடைக்கிறவங்களா?"

அவர் லேசாகச் சிரித்தார். மைத்துனன் கோப்பையை எடுத்துக்கொண்டு, "மேட்ச் எப்படி இருந்துச்சு சார்?" என்றான்.

"கடைசியில ஒரு கோல். தலையால முட்டினான். இதோ டிக்கெட்." கேட்காமலே எடுத்துக் காட்டினார். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னார். "போலீசெல்லாம் வேண்டாங்க. அண்ணி இங்கேருந்து போயிட்டா போதும். குடும்ப விஷயம், நாலு பேருக்குத் தெரிய வேண்டாம். இது ஒரு காலத்துல நான் பேண்ட் தைச்ச கடை. கெட்ட பேர் வந்ததே இல்ல."

"இப்போ தைக்கிறதில்லையா?"

"இப்போ டெலிவரி பாத்துக்கிறேன்," என்றார். தட்டை எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் வெளியே போனார்.

மாடிக்குப் போனோம். அந்த அம்மாள் கட்டிலின் மேல் துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்து நாற்காலியைக் காட்டினாரே தவிர, மடிப்பதை நிறுத்தவில்லை.

"நேத்து சாயங்காலம் எங்கே இருந்தீங்கம்மா?" என்றான் மைத்துனன்.

"இங்கேதான். தலைவலின்னு படுத்திருந்தேன்."

"கீழே ஏதாவது சத்தம் கேட்டுச்சா?"

"கேக்கல. யாரையும் பாக்கல."

யாரையாவது பார்த்தீர்களா என்று அவன் கேட்கவே இல்லை. நான் அவனுக்குக் கண் காட்டினேன். அவன் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. அவன் எப்போதும் அப்படித்தான், நான் பார்த்ததை அவன் முதலிலேயே பார்த்திருப்பான்.

"அவங்களுக்கு விருது கிடைச்சதுல உங்களுக்குப் பொறாமைன்னு சொல்றாங்க," என்றான்.

மடித்த சேலையைப் பையில் வைத்துவிட்டு நிமிர்ந்தார். "பொறாமை உண்டு," என்றார். "இல்லன்னு பொய் சொல்லல. அதுக்கு மேல என்கிட்ட எதுவும் கேக்காதீங்க தம்பி. சாயங்காலம் நான் போயிடுவேன்."

வெளியே வந்து ஸ்கூட்டரைக் கிளப்பும்போது எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. "கேஸ் முடிஞ்சுது மச்சான். அந்தம்மா வாயாலேயே சொல்லிடுச்சு. பொறாமையைப் பார்த்தா எனக்குத் தெரியாதா?"

அவன் வண்டியில் ஏறாமல் நின்றான். "அத்தான், நேத்து நம்ம பாப்பா ஸ்டேடியத்துக்குப் போயிருந்தாளே, ஞாபகம் இருக்கா?"

"என் பொண்ணு எங்கே போனாங்கறது எனக்கு ஞாபகம் இல்லாம இருக்குமா?"

"அந்தக் கோல் விழுந்தப்போ அவ என்னை வீடியோவுல கூப்பிட்டுக் காட்டினா. பக்கத்து சீட்ல இருக்கிறவங்க முகம்கூடத் தெளிவா தெரிஞ்சுது. அறுபடவே இல்ல. சுத்தி எல்லாரும் போனைத் தூக்கிப் பிடிச்சு யாருக்கோ காட்டிட்டுத்தான் இருந்தாங்க."

நான் ஸ்கூட்டரின் கண்ணாடியைச் சரிசெய்தேன். என் பெண். கோல் விழுகிற நேரத்தில் அவளுக்கு நினைவு வந்தது அவளுடைய மாமா. பெற்ற அப்பனின் போனில் படம் தெரியாது, அதனால் அப்பன் தேவையில்லை. எனக்குக் காதிலிருந்து புகை வராத குறை.

"ஆக, நெரிசல்ல லைன் கிடைக்கலன்னு அவர் சொன்னது பொய்," என்றான் அவன். "அந்த ஸ்டேடியத்துல இப்போ லைன் கிடைக்குது."

அந்த இடத்தில் அவனை மடக்கினேன். வாழ்க்கையில் அப்படியொரு சந்தர்ப்பம் எனக்கு எப்போதாவதுதான் வாய்க்கும். "அவசரப்படாதே. பாப்பாகிட்ட இருக்கிறது புது போன், அது புது நெட்வொர்க்ல போகும். அவர்கிட்ட இருக்கிறது என்னோடது மாதிரி பழைய டப்பா. புது நெட்வொர்க் அதுக்குப் பிடிபடாது, பழசுல மட்டும்தான் பேச முடியும். பழசு கூட்டத்துல செத்துப்போகும்னு ஊருக்கே தெரியும். ரெண்டு வருஷம் முன்னாடி நானே அங்கே போய் அவதிப்பட்டிருக்கேன். அந்த மனுஷன் சொன்னது நிஜம்தான்."

மைத்துனன் முகத்தில் ஈயாடவில்லை. வெகுநேரம் யோசித்தான். நான் அந்த மௌனத்தை மிட்டாய் மாதிரி சப்பிச் சாப்பிட்டேன்.

"நீங்க சொல்றது சரியா இருக்கலாம்," என்றான் கடைசியில். "இன்னைக்கு இறுதி ஆட்டம். நேத்தைவிடக் கூட்டம் அதிகமா இருக்கும். உங்க போனை எடுத்துக்குங்க. போய்ப் பாத்துடலாம்."

"எதுக்கு?"

"நீங்கதான் சரின்னு நிரூபிக்க."

அப்படிச் சொன்னால் நான் எப்படி மறுப்பேன்?

ஸ்டேடியத்தின் படிக்கட்டுகளுக்கு அடியில் ஒரு சிறிய அறை. உள்ளே குளிர்சாதனம், வரிசையாக இரும்பு அலமாரிகள், அவற்றில் மினுங்கும் விளக்குகள். மேலே ஆயிரக்கணக்கான கால்கள் தரையைத் தட்டுகிற அதிர்வு அறைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அந்த அறையின் பொறுப்பாளர் ஒரு பெண் இன்ஜினியர். பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டே எங்கள் அடையாள அட்டையைப் பார்த்தார். மைத்துனனின் பெயரை எங்கேயோ கேட்டிருப்பதாகச் சொன்னார். என் அட்டையைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை.

"நெரிசலா?" என்று சிரித்தார். "அதெல்லாம் போன வருஷத்தோட முடிஞ்சுபோச்சு. இந்த வருஷம்தான் புதுசு போட்டிருக்கோம்."

"அப்படி என்ன புதுசும்மா? ரெண்டுமே காத்துலதானே போகுது?" என்றேன்.

"பழசுல ஒருத்தர் பேச ஆரம்பிச்சா அவருக்குன்னு ஒரு வழி ஒதுக்கிடணும். அவர் பேசினாலும் சரி, போனைக் காதுல வச்சுட்டு சும்மா நின்னாலும் சரி, அந்த வழி அவருக்குத்தான். பஸ்ல துண்டு போட்டு சீட்டுப் பிடிக்கிற மாதிரி. சீட்டுங்க நிறைஞ்சதும் மத்தவங்க வெளியே. வெளியே நிக்கிறவங்க சும்மா இருப்பாங்களா? எல்லாரும் ஒரே நேரத்துல கதவைத் தட்டுவாங்க. ஒருத்தர் தட்டுறது இன்னொருத்தர் தட்டுறதுல கலந்து, யாரோட குரலும் உள்ளே கேக்காது. திரும்பத் தட்டுவாங்க. கடைசியில உள்ளே இடம் இருந்தாக்கூட யாரும் நுழைய முடியாது."

"புதுசுல?"

"யாருக்கும் சொந்த சீட்டே கிடையாது. பேச்சு, படம், எழுத்து எல்லாத்தையும் சின்னச் சின்னத் துண்டா நறுக்கி, கிடைக்கிற இடைவெளியில எல்லாம் அனுப்பிடும். நீங்க பேசும்போது மூச்சு விடுவீங்க பாருங்க, அந்த நேரத்துல இன்னொருத்தர் பேச்சு போயிடும். அப்புறம், முன்னாடி மொத்தக் கூட்டத்துக்கும் வெளியே இருந்த ஒரே டவர்தான். இப்போ ஒவ்வொரு வரிசைக்கு அடியிலயும் சின்னப் பெட்டி வச்சிருக்கோம். அந்தந்த வரிசைக்கு அந்தந்தக் கதவு. அதனால எவ்வளவு கூட்டம் வந்தாலும் தாங்கும்."

நான் என் டப்பாவை எடுத்து நீட்டினேன். "இந்த மாதிரி போனுக்கு அதெல்லாம் பிடிபடாதுல்ல?"

"பிடிபடாது. அதுக்குப் பழசுதான்."

நான் மைத்துனனை வெற்றியோடு பார்த்தேன். "கேட்டுக்கிட்டியா?"

"மேலே போய் ஒரு தடவை கூப்பிட்டுப் பாருங்களேன்," என்றார் இன்ஜினியர். அந்தக் குரலில் ஒரு குறும்பு இருந்தது. எனக்கு அது அப்போதே உறுத்தியிருக்க வேண்டும்.

மேலே போனோம். காலி இருக்கை ஒன்றுகூட இல்லை. ஆட்டம் தொடங்கி, கூட்டம் எழுந்து நின்று கத்திக்கொண்டிருந்தது. எல்லார் கையிலும் போன். மைத்துனன் ஒரு துண்டுச்சீட்டில் கணவரின் எண்ணை எழுதித் தந்தான். பொத்தான்களை அழுத்தினேன். இரண்டு வருடம் முன்பு இதே இடத்தில் நின்று கட்டை விரல் வலிக்க அழுத்தியது நினைவு வந்தது. அன்று கீச்சென்ற ஒலிதான் பதிலாகக் கிடைத்தது.

முதல் முயற்சியிலேயே மணி அடித்தது.

நான் போனைக் காதிலிருந்து எடுத்துத் திரையைப் பார்த்தேன். மறுபடி காதில் வைத்தேன். அடித்துக்கொண்டுதான் இருந்தது.

"ஹலோ?" என்றார் கணவர். கிணற்றுத் தண்ணீர் மாதிரி தெளிவான குரல்.

அந்த நேரம் பார்த்து எங்கள் முன்னால் யாரோ பந்தை வலைக்கு வெளியே அடித்தான். மொத்தக் கூட்டமும் ஐயோ என்றது.

"யாருங்க? எங்கேருந்து பேசறீங்க?"

"காலையில வந்தேனே, துப்பறியும் அலுவலகம். ஸ்டேடியத்துல இருக்கேன் சார்," என்றேன். "போன் என்னோடதுதான். உங்க செட்டு மாதிரியே பழைய செட்டு."

மறுமுனையில் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு இணைப்பு துண்டிக்கப்பட்டது. அது நெட்வொர்க் துண்டித்ததில்லை, அவர் விரல்.

கீழே இறங்கி வந்தபோது இன்ஜினியர் அடுத்த பிஸ்கட்டில் இருந்தார். "கிடைச்சுதா?"

"எப்படிம்மா?" என்றேன் எரிச்சலோடு.

"கூட்டம் மொத்தமும் புதுசுக்குப் போயாச்சே. பழைய போன் வச்சிருக்கிற உங்களை மாதிரி சில பேருக்காகத்தான் பழசை இன்னும் அணைக்காம வச்சிருக்கோம். அங்கே ஈ ஓட்டிட்டு இருக்கோம். இந்த விளக்கு சிவப்பானா நெரிசல்னு அர்த்தம். போன வருஷம் பாதி ஆட்டம் சிவப்புலயே இருக்கும். நேத்து பழசுலயும் சிவப்பு இல்ல, புதுசுலயும் இல்ல. நேத்து இங்கே லைன் கிடைக்கலன்னு யாராவது சொன்னா, அவங்க இங்கே வரலன்னு அர்த்தம்."

மைத்துனன் என்னைப் பார்த்து எதுவும் சொல்லவில்லை. அவன் அப்படிச் சொல்லாமல் இருப்பதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். ஒரு தடவையாவது கிண்டல் பண்ணினால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லிக்கொள்வேன்.

திரும்பி வரும்போது பின்னால் உட்கார்ந்திருந்தவன் கேட்டான். "வருஷா வருஷம் போய்ப் பழக்கப்பட்டவர். லைன் கிடைக்காதுன்னு அந்த நம்பிக்கையிலதான் பொய் சொல்லியிருக்கார். அது புரியுது அத்தான். ஆனா ஏன்? சொந்தப் பொண்டாட்டி தைச்சதை எதுக்கு வெட்டணும்? அந்த உடையால குடும்பத்துக்கே பேர் வந்திருக்குமே."

அது மட்டும் எனக்குத் தெரிந்திருந்தது. அவனுக்குத் தெரியவில்லை. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும், ஆனால் சந்தோஷம் வரவில்லை.

"அந்தப் போன் பெட்டி," என்றேன். "அதைப் பிரிக்கல பாரு. பிரிச்சிருந்தா பாப்பா உனக்குக் காட்டின மாதிரி யாராவது அங்கேருந்து வீடியோவுல காட்டியிருப்பாங்க, லைன் கிடைக்குதுன்னு அவருக்கும் தெரிஞ்சிருக்கும், மாட்டிக்கிட்டிருக்க மாட்டார். ஆனா பிரிக்க முடியாது மச்சான். அது அவ ஜெயிச்சு வாங்கின போன். அதைக் காதுல வச்சா ஒவ்வொரு ஹலோவுக்கும் அவ ஜெயிச்சதை ஒத்துக்கிட்ட மாதிரி இருக்கும். கடை அவரோடது. கத்தரி அவரோடது. அவளுக்குத் துணி வெட்டக் கத்துக்கொடுத்ததும் அவராத்தான் இருக்கும். இப்போ டெலிவரி பாக்கிறார். தெருவுல போனா, டிசைனரோட வீட்டுக்காரர் போறார்னு சொல்வாங்க. அவருக்குன்னு ஒரு பேர் இருந்ததே மறந்துபோயிருக்கும்."

ஸ்கூட்டர் கண்ணாடியில் அவன் என் முகத்தைப் பார்த்தான்.

"உங்களுக்கு எப்படி அத்தான் இவ்வளவு கரெக்டா தெரியுது?"

"பொது அறிவு," என்றேன். போன மாதம் அவன் எனக்கு வாங்கிக் கொடுத்த புதுப் போன் எங்கள் அலமாரியின் மேல்தட்டில் பெட்டியோடு இருந்தது. அவன் அதைப் பற்றிக் கேட்கவில்லை. அந்த மரியாதையும் அவனுக்குத் தெரிந்திருக்கிறது, பாவி.

நாங்கள் கடைக்குள் நுழைந்தபோது கணவர் வெட்டுமேசையின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். டிசைனர் பக்கத்தில் குழப்பத்தோடு நின்றாள். மாடிப்படியின் கடைசிப் படியில் மூத்த ஓரகத்தி, கையில் துணிப்பை. புறப்பட்டுக்கொண்டிருந்தவரை எங்கள் வருகை நிறுத்தியிருந்தது.

"ஒரு போன் வந்துச்சு, அதிலேருந்து இவர் பேசவே மாட்டேங்கிறார்," என்றாள் டிசைனர். "என்ன சார் ஆச்சு?"

மைத்துனன் நீட்டி முழக்கவில்லை. "ஸ்டேடியத்துல நேத்து எல்லாருக்கும் லைன் கிடைச்சுது. இவரோட பழைய போனுக்கு இன்னும் சுலபமா கிடைச்சிருக்கும். இப்போதான் அதே மாதிரி போன்ல அங்கேருந்து இவர்கிட்டயே பேசிட்டு வர்றோம். சார், நேத்து நீங்க எங்கே இருந்தீங்க?"

கணவர் மேசைமேல் கிடந்த சாக்குக்கட்டியை உருட்டினார்.

"டிக்கெட் வாங்கினேன். வாசல்வரைக்கும்தான் போனேன். கோலைப் பத்தி காலையில பேப்பர்ல படிச்சேன்," என்றார். "வரிசையில எனக்குப் பின்னாடி நின்னவன், நீங்க அந்த டிசைனர் வீட்டுக்காரர்தானேன்னு கேட்டான். ஆமான்னேன். அவங்ககூட ஒரு போட்டோ எடுக்கணும், ஏற்பாடு பண்ண முடியுமான்னான். திரும்பிட்டேன்."

என் பக்கத்தில் மைத்துனன் என்னைத் திரும்பிப் பார்த்தது எனக்குத் தெரிந்தது. நான் சுவரைப் பார்த்தேன்.

"போனை அணைச்சுட்டு உள்ளே வந்தேன். ஒரு இழுப்பு இழுத்துக் கிழிச்சுடலாம்னுதான் நெனச்சேன். கை வரல. கத்தரியை எடுத்தேன். கோவத்துல வெட்டும்போதுகூட எனக்குக் கோணலா வெட்ட வரல," என்றார். அதைச் சொல்லும்போதுதான் குரல் உடைந்தது.

டிசைனர் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். "என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"என்னன்னு சொல்றது? நீ நல்லா தைக்கிறே, எனக்கு வலிக்குதுன்னா?"

அவள் மெதுவாகத் திரும்பி மாடிப்படியைப் பார்த்தாள். மூத்தவர் முகத்தில் ஆச்சரியமே இல்லை. அது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. எனக்கும்தான்.

"உங்களுக்குத் தெரியுமா அக்கா?"

"படியில நின்னு பாத்தேன்," என்றார் அவர். "அவர் கத்தரியைக் கீழே வைக்கிறவரைக்கும் நின்னேன். அப்புறம் மேலே போய்ப் படுத்துட்டேன்."

"பாத்துட்டுமா பேசாம இருந்தீங்க? காலையிலேருந்து உங்களை என்னென்ன சொல்லிட்டேன். தெருவுல நிக்கப்போறீங்க. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதுமே."

மூத்தவர் பையைக் கீழே வைக்கவில்லை. "எனக்குப் பொறாமைன்னு நீ சொன்னது சரிதான். ஆனா உன் தையல் மேல இல்ல, உன் விருது மேலயும் இல்ல. சாயங்காலமானா உன்னைத் தேடி ஒருத்தர் வீட்டுக்கு வர்றார். சாப்பிட்டியான்னு கேக்கிறார். நீங்க ரெண்டு பேரும் கீழே பேசிச் சிரிக்கிற சத்தம் மேலே கேக்கும். எத்தனையோ நாள் அது நின்னுபோகணும்னு நெனச்சிருக்கேன். நெனச்சுட்டு அழுதிருக்கேன். அப்படிப்பட்ட நான் வந்து, உன் புருஷன்தான் வெட்டினார்னு எந்த வாயால சொல்வேன்? சொன்னா, அது நான் பாத்ததைச் சொன்னதா இருக்காது. ஆசைப்பட்டதைச் சொன்னதா ஆயிடும். அதனால நானே போயிடலாம்னு இருந்தேன். நான் போனா வீட்டுல ஒரு ஆள்தான் குறையும்."

வாயடைத்து நான் நின்றது வாழ்க்கையில் அதுதான் முதல் முறையாக இருக்க வேண்டும்.

டிசைனர் படியருகே போனாள். மூத்தவர் கையிலிருந்த பையை வாங்கினாள். வெட்டுமேசைமேல் அதைக் கவிழ்த்தாள். மடித்து வைத்த சேலைகளும், ஒரு சீப்பும், போர்வையும் சரிந்து விழுந்தன. காலிப் பையை உதறி மடித்தாள். அதைக் கணவருக்கு முன்னால் வைத்தாள்.

"உங்க துணியை எடுத்து வச்சுக்குங்க," என்றாள்.

அவர் பையை எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் மாடியேறிப் போனார். டிசைனர் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. ஒவ்வொரு சேலையாக எடுத்து மடிக்க ஆரம்பித்தாள்.

மூத்தவர்தான் படியிலேயே உட்கார்ந்து அழுதார்.